சிறு பண்ணைகளிடம் நேரடியாக வாங்குவது: ஒரு பருவத்துக்கான வழிகாட்டி

சிறு விவசாயிகளிடமிருந்து நேரடியாக வாங்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது விலையைப் பற்றித்தான். இடைத்தரகர் இல்லாவிட்டால் கடையைவிட மலிவாகக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. சில பொருட்கள், சில மாதங்களில் அப்படிக் கிடைக்கவும் செய்யும். ஆனால் இடைத்தரகர் போனாலும் அவர் செய்துவந்த வேலை போவதில்லை. சேகரிப்பது, தரம் பிரிப்பது, ஏற்றி இறக்குவது, விற்காமல் போனதன் நட்டத்தைச் சுமப்பது ஆகியவை விவசாயியின் தலையிலோ வாங்குபவரின் தலையிலோ வந்து சேர்கின்றன. யார் எந்த வேலையை எடுத்துக்கொள்வது, எந்த நட்டத்தை யார் தாங்குவது என்பதை விதைப்புக்கு முன்பே பேசி முடித்த ஏற்பாடுகள்தாம் நிலைக்கின்றன. அந்தப் பேச்சை எப்படி நடத்துவது, அதற்குப் பிறகு ஒரு பருவத்தை எப்படிக் கடப்பது என்பவற்றை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

எந்த ஏற்பாடு உங்களுக்குப் பொருந்தும்

வாங்குபவர் கொடுக்கும் உறுதியின் அளவைப் பொறுத்து நேரடிக் கொள்முதலில் சில படிகள் உண்டு. விவசாயிகளே விற்கும் வாரச் சந்தையிலோ பண்ணை வாசலிலோ அன்றன்று பார்த்து வாங்குவது முதல் படி. இதில் நீங்கள் எதற்கும் கட்டுப்படுவதில்லை. மழை பெய்து சந்தைக்கு ஆள் வராத நாளில் விவசாயி பறித்து வந்ததெல்லாம் அவருக்கே நட்டம். அடுத்தது, பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் வாங்குவோர் குழு. 1965இல் டோக்கியோவில் தொடங்கிய செய்கத்சு கிளப், சுமார் இருநூறு பெண்கள் சேர்ந்து பால் புட்டிகளை மொத்தமாக வாங்கியதிலிருந்து பெரிய கூட்டுறவாக வளர்ந்தது. இத்தாலியில் இத்தகைய குழுக்களில் முதலாவது 1994இல் ஃபிடென்சா நகரில் உருவானது. தானியம், எண்ணெய், பருப்பு போன்று கெடாமல் இருக்கும் பொருட்களுக்கு இந்த முறையே எளிது.

மூன்றாவது, பருவப் பங்கு. பருவத்தின் தொடக்கத்திலேயே பண்ணையின் விளைச்சலில் ஒரு பங்குக்குப் பணம் கட்டிவிட்டு, வாரந்தோறும் விளைந்ததைப் பெட்டியாகப் பெற்றுக்கொள்வது. 1971இல் இச்சிராகு தெருவோ முன்னின்று தொடங்கிய ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் பரப்பிய தெய்கெய் முறை, 1986இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் தொடங்கிவைத்த சமூக ஆதரவு வேளாண்மை, 2001இல் பிரான்சின் தென்பகுதியில் ஒபாஞ் நகரில் தோன்றிய ஆமாப் குழுக்கள் ஆகிய மூன்றும் இந்த வகையைச் சேர்ந்தவை. விவசாயிக்கு மிகவும் உதவுவது இதுதான். வாங்குபவரிடமிருந்து அதிகம் கேட்பதும் இதுதான். விதை, உரம், கூலி ஆகியவற்றுக்குப் பணம் தேவைப்படும் மாதங்களில் விற்க எதுவும் இருப்பதில்லை. அந்த மாதங்களில் கைக்கு வரும் முன்பணம், அறுவடைக்குப் பின் வரும் அதே தொகையைவிடப் பெரிய உதவி. கடனும் வட்டியும் அந்த அளவுக்குக் குறைகின்றன.

சமையலறையில் வாரத்துக்கு நான்கு நாட்களாவது அடுப்பு எரியாத வீட்டுக்குப் பருவப் பங்கு பொருந்தாது என்பது என் கருத்து. அத்தகையோர் சந்தையில் வாங்குவதோ தானியக் குழுவில் சேர்வதோ நல்லது. பெட்டியில் வந்ததை அழுகவிட்டுக் குற்ற உணர்வோடு பணம் கட்டுவதால் எந்தப் பண்ணையும் வளர்ந்துவிடாது.

முதலில் உங்கள் வீட்டுக் கணக்கு

பண்ணையைத் தேடிப் போவதற்கு முன், இரண்டு வாரங்களுக்கு வீட்டில் என்னென்ன காய்கறி, பழம், கீரை எவ்வளவு செலவாகிறது என்று எடையோடு குறித்து வையுங்கள். குப்பைக்குப் போனதையும் தனியாகக் குறிக்க வேண்டும். பெரும்பாலோர் தாம் உண்ணும் அளவைக் கூட்டியும், வீணாக்கும் அளவைக் குறைத்துமே நினைத்துக்கொண்டிருப்பர். அந்தக் குறிப்பைப் பார்த்தால் முழுப் பங்கு தேவையா அரைப் பங்கு போதுமா என்பது தெரிந்துவிடும். ஐயம் இருந்தால் அரைப் பங்கிலிருந்து தொடங்குங்கள். பக்கத்து வீட்டாரோடு ஒரு முழுப் பங்கைப் பகிர்ந்துகொள்வதும் பல இடங்களில் நடக்கிறது. வீட்டில் யாரும் தொடாத காய்கள் எவை என்பதையும் எழுதி வைத்துக்கொண்டால், பண்ணையோடு பேசும்போது உதவும்.

பண்ணையைக் கண்டறிவதும் நேரில் பார்ப்பதும்

வாரச் சந்தையில் நிற்பவர்களிடம் பேசுவது, வேளாண்மைத் துறை அலுவலகத்தில் விசாரிப்பது, ஏற்கெனவே இயங்கும் குழுவில் உள்ளவர்களிடம் கேட்பது ஆகியவை பண்ணைகளைக் கண்டறியும் வழிகள். இணையத்தில் பண்ணைகளைப் பட்டியலிடும் தளங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஓப்பன் ஃபுட் நெட்வொர்க் என்னும் திறமூல மென்பொருளைப் பல நாடுகளில் உள்ள குழுக்கள் ஆர்டர் எடுக்கவும் கணக்கு வைக்கவும் பயன்படுத்துகின்றன. எந்த வழியில் கண்டறிந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை நிலத்தை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். போகும் நாளை விவசாயியே குறிக்கட்டும். அறுவடை நாளில் விருந்தாளியாகப் போய் நிற்பது அவருக்குத் தொல்லை.

நேரில் கேட்கும் கேள்விகளைப் பொறுத்தே கிடைக்கும் தகவலின் தரம் அமையும். "மருந்து அடிப்பீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும், அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. "போன பருவத்தில் எந்தப் பூச்சி அதிகம் வந்தது, அதற்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், உண்மையில் பயிர் செய்பவர் அரை மணி நேரம் பேசுவார். எந்தப் பயிரில் எந்த வாரத்தில் தாக்குதல் தொடங்கியது, எதைத் தெளித்தார், எது பலிக்கவில்லை, எந்தப் பாத்தியைக் கைவிட்டார் என்று விவரம் வரும். ரசாயன மருந்து தெளிக்கும் பண்ணையாக இருந்தாலும், தெளித்த பின் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்கிறார் என்று கேளுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு பயிருக்கும் அந்தக் காத்திருப்பு நாட்கள் அதன் லேபிளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தயங்காமல் சொல்லக்கூடியவர், "முழுக்க இயற்கை" என்று பலகை மட்டும் வைத்திருப்பவரைவிட நம்பத்தக்கவர்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, பெட்டியில் வருபவற்றுள் எவை அவருடைய நிலத்தில் விளையாதவை என்பது. ஒரே சிறு பண்ணை ஆண்டு முழுவதும் எல்லாக் காய்களையும் ஒரே அளவில், ஒரே நேர்த்தியில் தருகிறது என்றால், அங்கே மொத்தச் சந்தையிலிருந்து சரக்கு வந்து சேர்கிறது என்று ஐயப்படலாம். பக்கத்து விவசாயிகளிடம் வாங்கிச் சேர்ப்பது தவறில்லை. பல நல்ல ஏற்பாடுகள் அப்படித்தான் இயங்குகின்றன. அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் தவறு. எந்தப் பொருள் யாருடைய நிலத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொரு வாரமும் எழுதித் தரச் சொல்வது நியாயமான கோரிக்கை.

சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரசாயனத்திலிருந்து இயற்கை வேளாண்மைக்கு மாறும் நிலத்துக்கு முழுச் சான்றிதழ் கிடைக்கப் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலத்தில் விவசாயிக்கு விளைச்சல் குறையக்கூடும், சான்றிதழுக்குரிய விலையும் கிடைக்காது. நேரடியாக வாங்கும் குழு ஒரு பண்ணைக்குத் தோள் கொடுக்க அதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. மூன்றாம் தரப்புச் சான்றிதழின் கட்டணம் சிறு பண்ணைகளுக்குக் கட்டுப்படியாகாதபோது, விவசாயிகளும் வாங்குபவர்களும் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டு உறுதி கூறும் பங்கேற்பு உத்தரவாத முறை பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. பிரேசிலின் எக்கோவிதா கூட்டமைப்பு இதில் முன்னோடி. 2004இல் அந்நாட்டின் டோரஸ் நகரில் நடந்த பன்னாட்டுக் கூட்டத்துக்குப் பிறகு இந்தப் பெயரே பரவலாயிற்று. உங்கள் பண்ணை இதில் இருந்தால், பார்வையிடும் குழுவில் நீங்களும் ஒருமுறை சேர்ந்து போய் வாருங்கள்.

விலையைக் கணக்கிடுவது

பருவப் பங்கில் விலை கிலோவுக்குக் கணக்கிடப்படுவதில்லை. பண்ணையை ஓராண்டு நடத்த ஆகும் முழுச் செலவு குடும்பங்களுக்குப் பிரிக்கப்படுகிறது. விதை, உரம், தண்ணீர், மின்சாரம், நிலக் குத்தகை, வேலையாட்களின் கூலி, கருவிகளின் பழுது, வண்டிச் செலவு ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. மறக்கப்படுவது விவசாயியின் சொந்த உழைப்புக்கான ஊதியமும், அவருடைய குடும்பத்தார் பறித்துக் கட்டித் தரும் வேலைக்கான ஊதியமும்தான். இவை சேராத கணக்கு மலிவாகத் தெரியும், நீடிக்காது.

எந்த நாணயமானாலும் பொருந்தும்படி ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுச் செலவு 6,00,000, குடும்பங்கள் 50, விநியோகம் 40 வாரங்கள் என்றால், ஒரு பங்கு 12,000, வாரத்துக்கு 300. பாதிப் பருவத்தில் ஐந்து குடும்பங்கள் விலகிவிட்டால், மீதமுள்ள 20 வாரங்களுக்கு 30,000 குறைகிறது. நிலம் உழுது விதைத்தாகிவிட்டது. செலவு அதே 6,00,000தான். அந்தக் குறையை மீதி 45 குடும்பங்கள் ஏற்றால் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 667 கூடுகிறது; யாரும் ஏற்காவிட்டால் அது விவசாயியின் ஊதியத்திலிருந்தே போகும். இடையில் விலகுபவர் தம் இடத்துக்கு வேறொருவரைக் கொண்டுவர வேண்டும் என்று பல குழுக்கள் விதி வைத்திருப்பது இதனால்தான்.

எல்லோராலும் ஒரே தொகையைக் கட்ட முடியாது. நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் பண்ணையில் ஆண்டுக் கூட்டத்தில் வரவுசெலவுத் திட்டத்தை எல்லோர் முன்னும் வைத்து, ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையைச் சொல்லும் வழக்கம் உண்டு. மொத்தம் தேவையை எட்டாவிட்டால் மறுபடி ஒரு சுற்று கேட்பார்கள். 1988இல் சமூக ஆதரவு வேளாண்மையில் இறங்கிய ஜெர்மனியின் புஷ்பெர்க்ஹோஃப் பண்ணையும் அதைப் பின்பற்றியது. அங்கிருந்து பல ஜெர்மன் குழுக்களுக்கு இது பரவியது. தொகையைச் சீட்டில் பெயரில்லாமல் எழுதித் தரச் செய்தால் கூச்சம் குறையும். உங்கள் குழு புதியது என்றால், முழு அளவில் இதைச் செய்ய வேண்டாம். வசதியுள்ளவர் கூடுதலாகக் கட்டும் தொகையை ஒரு சிறு நிதியாகச் சேர்த்து, தேவைப்படுபவரின் பங்கைக் குறைப்பதிலிருந்து தொடங்கலாம்.

எழுதிக்கொள்ள வேண்டியவை

ஒரு பக்கத்துக்கு மேல் போகாத ஒப்பந்தம் போதும், ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். பருவம் தொடங்கும் நாள், முடியும் நாள், பங்கின் தொகை, தவணைகள், உத்தேசமாக எந்த மாதத்தில் எவை விளையும் என்ற சாகுபடிப் பட்டியல், பெட்டியை எங்கே எந்த நேரத்தில் பெறுவது ஆகியவை எளிதில் முடிந்துவிடும். விளைச்சல் பொய்த்தால் என்ன செய்வது என்பதில்தான் நேரம் செலவிட வேண்டும். வெள்ளம், வறட்சி, நோய் ஆகியவற்றால் ஒரு பயிர் போனால் பணம் திரும்பாது, மற்ற பயிர்கள் அந்த வாரப் பெட்டியை நிரப்பும் என்பது பருவப் பங்கின் அடிப்படை. ஆனால் விதைக்க வேண்டிய நேரத்தில் விதைக்காமல் விட்டது, விளைந்த நல்ல சரக்கை வெளியே கூடுதல் விலைக்கு விற்றுவிட்டது ஆகியவற்றை இயற்கையின் கணக்கில் எழுத முடியாது. இந்த இரண்டையும் ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதுங்கள். பண்ணை வெளியேயும் விற்கலாமா, விற்றால் பங்குதாரர்களுக்குக் கொடுத்தது போக மீதியை மட்டுமா என்பதும் அதில் இருக்கட்டும்.

தெய்கெய் முறைக்கு 1978இல் வகுக்கப்பட்ட பத்துக் கொள்கைகளுள் ஒன்று, திட்டமிட்டு விளைவித்ததை வாங்குபவர்கள் முழுமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. கேட்க எளிது, கடைப்பிடிக்கக் கடினம். ஒரே வாரத்தில் ஒரே காய் மூன்று மடங்கு வரும்போதுதான் அதன் கனம் தெரியும். முழுமையாக ஏற்க முடியாது என்றால், ஒரு வாரத்துக்கு ஒரு பொருளில் எவ்வளவு வரை ஏற்பீர்கள் என்று உச்ச அளவை முன்பே பேசிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விளைவதை விவசாயி வேறு வழியில் விற்கத் தயாராக இருப்பார்.

வாங்கிச் செல்லும் இடம்

குழுக்களுக்குள் சண்டை பெரும்பாலும் விளைச்சலால் வருவதில்லை. பெட்டியை எடுக்க வராதவர்களால் வருகிறது. எல்லோரும் வந்துபோக வசதியான, நிழலும் காற்றோட்டமும் உள்ள ஓர் இடமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளாத ஒரு நேரமும் முடிவு செய்யுங்கள். நேரத்துக்குள் எடுக்காத பெட்டி அன்றைய பொறுப்பாளர்களுக்கோ பக்கத்தில் உள்ள அன்னதானக் கூடத்துக்கோ போய்விடும் என்ற விதியை முதல் வாரத்திலிருந்தே தயவு பாராமல் நடத்தினால், மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அதை நினைவூட்ட வேண்டியிருக்காது.

பெட்டி கட்டும் வேலை விவசாயிக்கு அறுவடைக்கு நிகரான நேரத்தைத் தின்னும். அதற்குப் பதிலாகக் கூடைகளில் மொத்தமாக வரவழைத்து, ஒரு பலகையில் "முழுப் பங்குக்கு இவ்வளவு, அரைப் பங்குக்கு இவ்வளவு" என்று எழுதி, தராசை வைத்துவிட்டால், ஒவ்வொருவரும் தாமே எடைபோட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆமாப் குழுக்களில் விநியோகப் பொறுப்பை உறுப்பினர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இருவர் சீக்கிரமே வந்து கூடைகளை இறக்கி வைப்பதும் கடைசியில் இடத்தைக் கூட்டுவதும் போதும். மூலையில் ஒரு மாற்றுக் கூடை வையுங்கள். தமக்கு வேண்டாததை அதில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தால், குறைகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

தூரத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பக்கத்தில் விளைந்ததை வாங்கினாலே சுற்றுச்சூழல் மாசு பெரிதும் குறைந்துவிடும் என்பது சரியன்று. அமெரிக்கக் குடும்பங்களின் உணவைப் பற்றி 2008இல் வெளியான ஓர் ஆய்வு, உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு 11 விழுக்காடு என்று கணக்கிட்டது. பெரும்பகுதி உற்பத்தியிலேயே வெளியாகிறது. ஐம்பது குடும்பங்கள் ஐம்பது கார்களில் பண்ணைக்குப் போய் வந்தால் அந்தச் சிறு ஆதாயமும் கரைந்துவிடும். ஒரு வண்டியில் எல்லாவற்றையும் ஊருக்குள் கொண்டுவந்து, அங்கிருந்து நடந்தோ சைக்கிளிலோ எடுத்துச் செல்வதே பொருத்தமான ஏற்பாடு.

பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு

பண்ணையிலிருந்து நேராக வரும் காய்களில் கடைச் சரக்கைப் போலக் கழுவித் துடைத்த பளபளப்பு இருக்காது; மண் இருக்கும், அளவு மாறும். வந்த அன்றே அரை மணி நேரம் ஒதுக்கிப் பிரித்து வைத்தால் வாரம் முழுவதும் பயன்படும். கீரைகளை முதலில் கவனியுங்கள். அழுகிய இலைகளை நீக்கி, ஈரம் வடிந்ததும் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். கேரட், முள்ளங்கி போன்ற கிழங்கு வகைகளின் இலைகளை உடனே வெட்டி எடுங்கள். இலைகள் ஒட்டியிருந்தால் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி அதை வதங்கச் செய்யும். தக்காளியை வெளியில் வைப்பதே நல்லது, ஏனெனில் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதன் மணம் குறைகிறது. உருளைக்கிழங்கு இருட்டில் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையான பகுதியில் சொலனின் என்னும் நச்சு கூடியிருக்கக்கூடும் என்பதால் அதை வெட்டி எறிய வேண்டும். பழுக்கும் பழங்கள் எத்திலின் வாயுவை வெளியிட்டுக் கீரைகளை மஞ்சளாக்கும், ஆகையால் இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது.

சமைக்கும் வரிசையையும் அன்றே முடிவு செய்யுங்கள்: கீரை முதல் இரண்டு நாட்களில், மென்மையான காய்கள் அதற்கடுத்து, கிழங்கும் பூசணியும் வாரக் கடைசியில். பால் வாங்கினால் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. தெரிந்த பண்ணையின் பால் என்பதற்காக அதில் கிருமி இல்லாமல் போய்விடாது.

குறை இருந்தால் அன்றே படம் எடுத்து விவசாயிக்கோ பொறுப்பாளருக்கோ தனியாக அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னும் போடும் ஒரு படம் பத்துப் பேரின் பழைய மனக்குறைகளையும் கிளறிவிடும். அதற்குள் வயலில் இருப்பவர் கைபேசியைப் பார்த்திருக்கவே மாட்டார். இரண்டு மூன்று வாரங்கள் தொடர்ந்து ஒரே குறை வந்தால் மட்டும் கூட்டத்தில் எழுப்பலாம்.

பருவ முடிவில்

கடைசிப் பெட்டிக்கு முன்பே கணக்குக் கூட்டத்துக்கு நாள் குறித்துவிடுங்கள். பெட்டி நின்ற பிறகு கூப்பிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். பண்ணையின் வரவு, செலவு, விவசாயிக்கு உண்மையில் கிடைத்த ஊதியம், எந்தப் பயிர் அதிகம், எது குறைவு என்பவற்றை அவரே சொல்லட்டும். குடும்பங்கள் தம் பங்குக்கு, எது மீந்தது, எது போதவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்றுக் கூடையில் வாரந்தோறும் எது மீந்தது என்று பொறுப்பாளர்கள் குறித்து வைத்திருந்தால், அந்தக் குறிப்பு எல்லோருடைய நினைவையும்விடத் துல்லியமாக இருக்கும். தொகை கூட வேண்டும் என்று விவசாயி கேட்டால், அதைப் பேரமாக எடுத்துக்கொள்ளாமல், செலவுப் பட்டியலில் எந்த வரி கூடியது என்று பாருங்கள். கூலியும் மின்சாரமும் ஏறியிருந்தால் பங்கும் ஏறத்தான் வேண்டும்.

அடுத்த பருவத்துக்கு யார் யார் தொடர்கிறார்கள் என்பதை விவசாயி விதை வாங்குவதற்கு முன் அவருக்குச் சொல்லிவிட வேண்டும். எத்தனை பாத்தி, எந்தப் பயிர் என்பது அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் முடிவாகும். ஆகவே விதை வாங்கும் தேதியை அவரிடம் கேட்டு, அதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் முதல் தவணையையும் வேண்டாத காய்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.